மண்முனைத் துறையும் பல்கலைக்கழக வாயிலும்

ஆரையம்பதியில் நின்று மேற்கே நோக்கினால் வாவி, அதற்கப்பால் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரை மக்கள் பாதையில் ஏறியே இக்கரைக்கு வந்தனர். இரு கரை மாணவருக்கும் உயர்தரப் பரீட்சையின் வினாத்தாள் ஒன்றுதான். வினாத்தாள் ஒன்றாயிருப்பதால் மட்டும் நீதி நிலைநாட்டப்பட்டதாகுமா?

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் நல்ல ஆய்வுகூடங்களும் விஞ்ஞான ஆசிரியரும் கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களிலேயே குவிந்திருந்தனர். ‘திறமை’ என்று எண்ணப்பட்ட புள்ளிகளுள் இவ்வசதிகளும் ஒளிந்திருந்தன.

1970இல் பதவியேற்ற அரசாங்கம் இதனைத் திருத்தப் புகுந்து பெரும் பிழை செய்தது. மருத்துவத் துறை அனுமதிக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழி மாணவர் 229 பெற்றாற் போதும். தமிழ் மொழி மாணவரோ 250 பெறவேண்டும் என்றாயிற்று. தலைநகரின் செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை. படுவான்கரை உழவனின் பிள்ளைக்குத் தண்டனை! வர்க்க ஏற்றத்தாழ்வை இனக்கணக்கில் எழுதிய இச்செயலைப் புரிந்த அரசாங்கத்தில் இடதுசாரிக் கட்சிகளும் பங்காளிகளாயிருந்தன. இதனை நாம் மறைத்தலாகாது.

1974இல் மாவட்ட அடிப்படை புகுந்தது. யாழ்ப்பாணம் இடங்களை இழந்தது. மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு வாயில் சற்றே திறந்தது. அந்த நன்மையை நாம் ஒப்புக்கொள்வதே நேர்மை. யாழ்ப்பாணத்து ஏழை மாணவனின் இழப்பை உணர்வதும் நேர்மையே. 1977க்குப் பின் மொழிவழித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன.

ஆனால் மாவட்டம் என்பது வர்க்கம் அன்று. மட்டக்களப்பு நகரில் தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்தும் பிள்ளையும், பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத படுவான்கரைப் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் போட்டியிடுகின்றனர். மாவட்டத்தின் பெயரால் வந்த சலுகை பெரும்பாலும் நகரத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகையால் பரீட்சையை ஒழிப்போமா? ஒழித்தால் அவ்விடத்தில் சிபாரிசு வந்து அமரும். முகம் பாராத பரீட்சை ஏழைக்கு இன்னும் ஒரு காவல்தான். வேண்டுவது, பரீட்சை மண்டபத்துக்கு வருமுன் நிகழும் அநீதியைக் களைவது. கடைக்கோடிப் பாடசாலைக்கும் ஆய்வுகூடம், கணித விஞ்ஞான ஆசிரியர், அவர் தங்க ஓர் இல்லம்: இவை கிட்டும்வரை ஒதுக்கீடு தேவை. ஒதுக்கீட்டைக் காட்டி இவற்றைத் தள்ளிப்போடுவதை மட்டும் ஆசிரியராகிய நாம் அனுமதித்தலாகாது.