மறுகரை இல்லாத பாலம்: பிரைட்டன் மேற்குக் கடற்பாலத்தின் வரலாறு

இரு கரைகளை இணைப்பது பாலத்தின் இலக்கணம். கரையில் தொடங்கிக் கடலுக்குள் சென்று, மறுகரை காணாமலே முடிந்துவிடும் ஒன்றையும் பாலம் என்றே வழங்குகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் பலவற்றில் இத்தகைய கடற்பாலங்கள் எழுந்தன. அவற்றுள் பிரைட்டன் நகரின் மேற்குக் கடற்பாலம், வாழ்ந்த சிறப்பாலும் வீழ்ந்த விதத்தாலும் தனித்து நினைக்கப்படுவது.

தொடக்கத்தில் கடற்பாலம் பயன் கருதியே கட்டப்பட்டது. பிரைட்டனில் 1823-இல் சாமுவேல் பிரௌன் அமைத்த சங்கிலிப் பாலம், பிரான்சு நாட்டின் தியெப் துறைக்குச் செல்லும் கப்பல்களில் பயணியர் ஏறி இறங்குவதற்கானது. ஆயினும் பயணம் செல்லாதவர்களும் கட்டணம் செலுத்தி அதன்மேல் உலாவினர். ஓவியர்களான டர்னரும் கான்ஸ்டபிளும் அதனைத் தீட்டினர். கப்பலேறாமலே கடலின் நடுவே நிற்கும் இன்பத்தை மக்கள் அங்கே கண்டுகொண்டனர். 1841-இல் லண்டனிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தபின், ஒருநாள் விடுமுறையில் கடல் காண வருவோர் பெருகினர்.

அந்த இன்பத்திற்கென்றே 1866 அக்டோபரில் மேற்குக் கடற்பாலம் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் யூஜீனியஸ் பர்ச் என்னும் பொறியாளர். நீளம் 1,115 அடி. வார்ப்பிரும்புத் தூண்களைத் திருகாணி போல முறுக்கிக் கடலடி நிலத்தில் இறக்கினார்கள். அலையைச் சுவர்கொண்டு தடுக்காமல், மெல்லிய தூண்களுக்கிடையே அதனைப் போகவிடுவதே அவ்வமைப்பின் நுட்பம்.

1896 டிசம்பர் 4 அன்று வீசிய புயலில் பழைய சங்கிலிப் பாலம் சிதைந்து வீழ்ந்தது. அதன் மரங்கள் அலையில் மிதந்து வந்து மேற்குப் பாலத்தை மோதிச் சேதப்படுத்தின. மூத்தது இளையதற்கு விடுத்த எச்சரிக்கை போலும்! ஆனால் இளையது அப்போது செழிப்பின் தொடக்கத்தில் இருந்தது. 1893-இல் கடல்முனையில் ஒரு மண்டபமும், 1916-இல் பாலத்தின் நடுவே இசையரங்கும் எழுந்தன. உள்ளே வாத்திய இசை முழங்க, வெளியே 'பேராசிரியர்' எனத் தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட நீச்சல் வீரர்கள் மிதிவண்டியோடு கடலில் பாய்ந்து காட்டினர். முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், ஓராண்டிலேயே ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பாலத்திற்கு வந்தனர்.

1940-இல் பகைவர் வந்திறங்கப் பயன்படும் என அஞ்சி, பாலத்தின் நடுத்தளத்தில் ஒரு பகுதி அகற்றப்பட்டது. போருக்குப்பின் பாலம் சீர்செய்யப்பட்டாலும் பழைய பொலிவு மீளவில்லை. நாடக மண்டபம் உணவகமாயிற்று, இசையரங்கு தேநீர்க்கூடமாயிற்று. உப்புக்காற்று இரும்பை அரித்தது. பழுதுபார்க்கும் செலவு வருவாயை விழுங்கிற்று. 1969-இல் வெளிவந்த ரிச்சர்டு அட்டன்பரோவின் போர்த் திரைப்படம் ஒன்றில் அதன் தோற்றம் பதிவாகியது. 1975-இல் பாலம் முற்றிலும் மூடப்பட்டது.

கப்பலும் சரக்கும் வராத ஒரு கட்டடத்தை எதற்காகக் காக்க வேண்டும்? இக்கேள்விக்கு ஊரார் பலர் தம் நினைவுகளையே விடையாகத் தந்தனர். 1982-இல் அது முதல்நிலைப் பாதுகாப்புச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கடற்பாலங்களுள் அத்தகுதியை முதலிற் பெற்றது அதுவே. 1983-இல் மேற்குக் கடற்பால அறக்கட்டளை 100 பவுனுக்கு அதனை வாங்கியது. 1998-இல் குலுக்குச்சீட்டு நிதியிலிருந்து சீரமைப்புக்கு ஒரு கோடிப் பவுனுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. உதவி கைக்கெட்டும் தொலைவில் இருக்கையிலேயே பணி தாமதப்பட்டது. 2002 டிசம்பர் இறுதியில் ஒரு பகுதி கடலில் சரிந்தது. 2003 மார்ச்சில் மண்டபமும், மே மாதம் இசையரங்கும் தீக்கிரையாயின. 2004-இல், இனிச் சீரமைக்க இயலாது எனத் தொல்சின்னத் துறையினர் முடிவு கூறினர். 2014-இன் புயல் எஞ்சிய இரும்புக்கூட்டையும் இரண்டாகப் பிளந்தது.

கரையிலிருந்து துண்டிக்கப்பட்ட அந்த எலும்புக்கூடு கடலில் நிற்கிறது. குளிர்கால மாலைகளில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் கூட்டங்கூட்டமாக அதன்மேல் வட்டமிடுவதைக் காண மக்கள் கரையில் கூடுகின்றனர். மூடப்படுமுன் அதன் பலகைகள்மேல் நடந்தவர்களில் அன்று சிறுவராயிருந்தோரும் இன்று முதுமையை நெருங்கிவிட்டனர். பின்னர்ப் பிறந்தோர்க்கு அது கண்ணால் மட்டுமே அறிந்த பாலம். ஆயினும் இரு தலைமுறையினரும் ஒரே கரையில் நின்று அதனையே நோக்குகின்றனர். முதியோர் காலால் நடந்த தொலைவை இளையோர் அவர்கள் சொல்லக் கேட்டே கடக்க வேண்டியிருக்கிறது. அச்சொல் நின்றுபோகும் நாளில்தான் அப்பாலம் முழுமையாக மூழ்கும்.