சீமெந்துச் சூளையும் வெப்பத்தின் கணக்கும்
பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீமெந்துச் சூளையை எரித்து, நாட்கணக்கில் ஆறவிட்டு, தொழிலாளர் கைகளாலேயே வெறுமையாக்கினர். வெப்பம் வீணே காற்றிற் கலந்தது. 1885இல் பிரடெறிக் றான்சம் காப்புரிமை பெற்ற சுழல்சூளை பின்னர் அமெரிக்காவிற் செம்மையுற்றது. ஏறத்தாழ 1450 பாகை செல்சியசிற் சுடப்பட்டு இடையறாது வெளிவரும் கிளிங்கர்க் கட்டிகளை விரைந்து குளிர்விப்பது இதனாற் கட்டாயமாயிற்று. 1930களில் அங்கு புல்லர் நிறுவனம் உருவாக்கிய குளிர்விப்பானில், கட்டிகளினூடே செலுத்தப்படும் காற்று வெப்பத்தை ஏற்றுச் சூளைக்கே மீள்கிறது, எரிபொருள் மிஞ்சுகிறது. விரைந்து ஆறுவதால் சீமெந்துக்கு வலுத்தரும் சேர்வையும் சிதையாது நிற்கிறது.

மாறா மூலதனத்தின் சிக்கனம் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் விளக்கியதற்கு இது தெளிவான சான்று. சூளைக்குள் இறங்கும் கொடிய உழைப்பு ஒழிந்தது. அவ்வுழைப்பாளியின் பிழைப்பும் உடனொழிந்தது. மீட்ட வெப்பம் இலாபக் கணக்கில் ஏறியது. இழந்த பிழைப்பையும் தொழில்நுட்ப வரலாற்றில் எழுதுவது நமது கடனாகும்.