பக்கத்து இருக்கைக்காரர்

1935 மார்ச் 16 அன்று பிரிட்டனில் கார் ஓட்டும் தேர்வு தொடங்கியது. தேர்வுக்கென்று தனிக் கட்டடமோ மைதானமோ அப்போது கிடையாது. பூங்கா வாசல், ரயில் நிலைய முகப்பு என்று சொல்லிவைத்த ஓர் இடத்தில் தேர்வாளர் காத்திருப்பார். தேர்வுக்கு வந்தவர் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்த, தேர்வாளர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்வார். அரை மணி நேரம் ஊரைச் சுற்றித் திரும்பினால் முடிவு தெரிந்துவிடும். கட்டணம் ஏழரை ஷில்லிங். ஒரு தேர்வாளர் நாளொன்றுக்கு ஒன்பது பேர் முதல் பதினாறு பேர் வரை பார்க்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 2,46,000 பேர் விண்ணப்பித்தார்கள். நூற்றுக்கு 63 பேர் தேறினார்கள்.

வியப்பு என்னவென்றால், இந்தத் தேர்வு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த நாட்டில் ஓட்டுநர் உரிமம் இருந்தது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1865-இல் பிரிட்டன் போட்ட சட்டப்படி, சாலையில் தானாக ஓடும் எந்த வண்டிக்கும் 60 கஜம் முன்னால் ஒருவர் செங்கொடி பிடித்து நடக்க வேண்டும். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்தான் வேகம். வண்டி ஓட்டுபவரை யாரும் சோதிக்கவில்லை. அவர் வருகிறார் என்று ஊருக்குச் சொல்ல ஓர் ஆளை வைத்தார்கள், அவ்வளவுதான். 1896-இல் அந்த ஆளையும் எடுத்துவிட்டார்கள். 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 17 வயதும் ஐந்து ஷில்லிங் பணமும் இருந்தால் போதும், உரிமம் கைக்கு வரும். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்றாலும் தடையில்லை.

அப்படியானால் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? பணக்கார வீடுகளில் கார் வந்ததும் நேற்றுவரை குதிரை வண்டி ஓட்டியவரே கார் ஓட்டுநர் ஆனார். குதிரைக்குப் பழகிய கைக்குக் கியர் பிடிபடவில்லை. 1910-இல் தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் ஸ்டான்லி ராபர்ட்ஸ் தொடங்கிய ‘பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டரிங்’ கார் ஓட்டுநர் வேலைக்கு வர விரும்பியவர்களுக்குப் பாடம் நடத்தியது. ஜெர்மனியில் இன்னும் முன்னதாக, 1904-இல், ஆஷாஃபன்பர்க் நகரில் ருடால்ஃப் கெம்ப் ஓட்டுநர் பள்ளி திறந்திருந்தார். இரண்டு நாடுகளும் அங்கேயே வழி பிரிந்தன. ஜெர்மனியில் கற்றுக்கொடுப்பது உரிமம் பெற்ற ஆசிரியரின் வேலை என்று ஆயிற்று. பிரிட்டனிலோ கணவர், அண்ணன், நண்பர் என்று யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார முடிந்தது.

1934-இல் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். 2,30,000-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செத்தவர்களில் பாதிப்பேர் நடந்துபோனவர்கள். அத்தனைக்கும் நாட்டில் இருந்த வண்டிகள் ஏறத்தாழ 24 லட்சம். போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா கொண்டுவந்த தேர்வு இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. கூட்டம் முண்டியடிக்கும் என்று அஞ்சி முதலில் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் வைத்தார்கள். ஜூன் 1 முதல் கட்டாயமானது. ஆனால் 1934 ஏப்ரல் 1-க்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்களுக்கு விலக்கு. அவர்கள் ஆயுள் முழுக்கத் தேர்வு முகமே பார்க்காமல் ஓட்டினார்கள்.

தேர்வோடு கூடப் பிறந்தது பழகுநர் வண்டிக்கான ‘எல்’ பலகை. வெள்ளைச் சதுரத்தில் சிவப்பு எழுத்து. 1865-இன் செங்கொடிக்காரரை எழுத்தாகச் சுருக்கி வண்டியிலேயே ஒட்டியது போல. அவர் செய்த இன்னொரு வேலை, அதாவது கூடவே இருப்பது, பக்கத்து இருக்கைக்காரருக்குப் போனது.

அந்த இருக்கை காலியான காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1939 செப்டம்பரில் நிறுத்திய தேர்வு 1946 நவம்பரில்தான் திரும்ப வந்தது. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது தேர்வாளர்களை ரேஷன் வேலைக்கு அனுப்பினார்கள். தேர்வு கிடையாது, அதற்கு ஈடாகப் பழகுநர்கள் துணையில்லாமல் தனியே ஓட்டிக்கொள்ளலாம் என்று அரசே அனுமதி கொடுத்தது. 1957 ஏப்ரல் வரை, ‘எல்’ ஒட்டிய வண்டியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து போவது சட்டப்படி சரி.

இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை ஓர் அளவுகோல் காட்டிக்கொடுக்கிறது. நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் சட்டம் 1914-இல் வந்தது. அடுத்தது 1939-இல். இன்று நடப்பிலிருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும். அந்த விதிகளில் மூன்றாவது, பழகுநர் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும் என்கிறது. பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம். பிரிட்டனின் பலகை 7 அங்குலச் சதுரம். எழுத்து 4 அங்குல உயரம், மூன்றரை அங்குல அகலம். பெருக்கிப் பார்த்தால் 17.8, 10.2, 8.9. அங்குலம் போய்ச் சென்டிமீட்டர் வந்தது. பலகை அதே பலகைதான்.

அதே விதி பக்கத்து இருக்கைக்காரரையும் விவரிக்கிறது. அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ வாகான இடத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். காருக்குப் பொருந்தும் இந்த வாசகம் பைக்குக்கு வரும்போது திணறுகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பிரேக்கைப் பிடிப்பார்? விதி இதற்குக் கண்டுபிடித்த வழி, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றாதே என்பதுதான்.

தமிழ்நாட்டில் பைக் பழகியவர்கள் இந்த விதியைப் படித்துவிட்டுப் பழகவில்லை. சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட காலத்தில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த அண்ணனோ மாமாவோதான் ஸ்கூட்டருக்கும் குரு. பள்ளிக்கூட மைதானம், வறண்ட ஏரிக்கரை, வீடு எழும்பாத மனைப்பிரிவு, இவைதான் பயிற்சிக் களம். வண்டி ஓட்ட வந்த பிறகே “எல்.எல்.ஆர். போட்டாச்சா?” என்ற கேள்வி வரும். அரசுக் கடிதங்களில் பழகுநர் உரிமம் என்று அச்சாகும் காகிதம் ஊர் வாயில் எல்.எல்.ஆர். என்றே நிலைத்தது. மோட்டார் வாகன ஆய்வாளரைப் பெரியவர்கள் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்வார்கள்.

அவர் முன்னால் போட வேண்டியது எட்டு. காலை ஊன்றாமல், எட்டு வடிவக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். வலப்பக்கம் ஒடிப்பது, இடப்பக்கம் ஒடிப்பது, குறைந்த வேகத்தில் வண்டியைச் சாயாமல் பிடிப்பது மூன்றும் அந்த ஒரு வடிவத்துக்குள் அடங்கிவிடும். அதனால் பழக்கம் என்றாலே எட்டுப் பழக்கம் என்றாகி, லாரி பின்னால் ஹாரன் அடிக்கும்போது என்ன செய்வது என்பது அந்த எட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

கார் என்றால் டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் பிரேக் வைத்த வண்டி அங்கே விதிப்படி கட்டாயம். “ஸ்டியரிங்க இறுக்காதீங்கம்மா, கிளட்ச்ச மெதுவா விடுங்க” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வரும் மாஸ்டரின் காலடியில் அது இருக்கும். முதல் வாரத்தில் வண்டியை உண்மையில் ஓட்டுவது அவர் கால்தான். இத்தகைய பள்ளிகளுக்கு 1989 விதிகள் வைத்த கணக்கு, காருக்குக் குறைந்தது 21 நாள், அதில் 10 மணி நேரம் ஓட்டுதல். வீட்டிலேயே பழகுபவருக்கு மணிக்கணக்கே இல்லை. பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த 30 நாளில் வண்டி எத்தனை முறை வீட்டை விட்டு வெளியே வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

உலகின் வேறு மூலைகளில் கேட்டார்கள்.

சுவீடனில் 18 வயதில்தான் உரிமம். 1993 செப்டம்பரில், துணையோடு பழகும் வயதைப் பதினேழரையிலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு கிடைத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ 118 மணி நேரம் பழகியிருந்தார்கள். பழைய வயதில் தொடங்கியவர்களின் சராசரி 50 மணிக்கும் கீழே. உரிமம் வாங்கிய பின் முதல் குழுவின் விபத்து அபாயம் சுமார் 40 விழுக்காடு குறைந்திருப்பதாக நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் குழுவினர் கண்டார்கள்.

அந்த 118 ஆஸ்திரேலியாவில் 120 ஆனது. முதன்முதலில், 1966-இல், புது ஓட்டுநருக்கு ‘பி’ பலகை மாட்டிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், 2000-இல் பழகுநருக்கு 50 மணி நேரத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 2007 ஜூலையில் அதை 120-ஆக உயர்த்தியது. அதில் 20 மணி இருட்டிய பிறகு. ஒவ்வொரு ஓட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதிப் பக்கத்திலிருந்தவர் கையெழுத்திட வேண்டும். சிட்னியில் தமிழர்கள் நிறைந்த பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில் பக்கங்களில் பதினேழு வயதுப் பிள்ளை இருந்தும் இந்தக் குறிப்பேடு இல்லாத வீடு அரிது. எட்டுப் போட்டு உரிமம் வாங்கிய அப்பாக்கள் அங்கே பத்தும் இருபதும் நிமிடமாகக் கூட்டி 120-ஐ நிரப்புகிறார்கள்.

பிரான்ஸ் மணியை எண்ணவில்லை, தூரத்தை எண்ணியது. 1980-களில் தொடங்கிய துணையோட்டத் திட்டத்தில் பள்ளிப் பயிற்சி முடித்த பிள்ளை, பெற்றோர் போன்ற ஒருவரோடு 3,000 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். ஆசிரியரைத் தவிர வேறு யாரையும் நம்பாத ஜெர்மனியும் 2004-இல் லோயர் சாக்சனியில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தது. 17 வயதில் தேர்வு தேறலாம். 18 ஆகும்வரை, பேர் எழுதிக்கொடுத்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 2011-இல் அது நாடு முழுமைக்கும் சட்டமானது. பெக்கமும் ஆஷாஃபன்பர்க்கும் நூறு ஆண்டு கழித்து ஒரே இருக்கையில் சந்தித்தன.

இந்தியாவும் மணிக்கணக்குக்கு வந்திருக்கிறது, பள்ளி வாசல் வழியாக மட்டும். 2021 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் காருக்கு நான்கு வாரத்தில் 29 மணி நேரம் பயின்று தேறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டாம். கனரக வண்டிக்கு ஆறு வாரத்தில் 38 மணி.

கனரக வண்டி என்றதும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஆட்கள் கொஞ்சம் சிரிக்கக்கூடும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஓட்டுநர் பள்ளிக்குப் பெயர்ப்பலகை இருந்ததில்லை. அது லாரியின் இடப்பக்க இருக்கை. அதில் உட்கார்ந்தவன் கிளீனர். வண்டி கழுவுவான், டயர் தட்டிப் பார்ப்பான், தார்ப்பாய் கட்டுவான், மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். குறுகிய திருப்பத்தில் இடப்பக்கக் கண்ணாடி அவன்தான்; பின்னால் எடுக்கும்போது “வரலாம், வரலாம்” என்ற குரலும் அவனுடையதே. வண்டி ஓட்டும் அண்ணனுக்குத் தூக்கம் வராமலிருக்கப் பேச்சுக் கொடுப்பான். பல ஆயிரம் கிலோமீட்டர் இப்படிக் கண்ணால் ஓட்டிய பிறகு ஒருநாள், ஆளில்லாத நேரமாகப் பார்த்து, “டேய், இங்க வந்து உக்காரு” என்று அண்ணன் இடம் மாறுவார்.

சட்டப் புத்தகத்தில் அந்த இடமாற்றத்துக்கு அனுமதி இல்லை. போக்குவரத்து வண்டிக்கு 20 வயது நிரம்ப வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் கேட்பதற்கே இலகுரக உரிமம் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பல கிளீனர்கள் இந்தக் காகிதங்களை எல்லாம் பின்னால்தான் சேர்த்தார்கள். தவறான வழக்கங்களும் அந்த இருக்கையிலிருந்தே கைமாறின. ஆனால் திம்பம் மலை இறக்கத்தில் எந்த கியரில் இறங்க வேண்டும், பாரம் ஏறிய வண்டி மழையில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் என்பதையெல்லாம் அவன் மூன்று நான்கு மழைக்காலம் பார்த்திருப்பான்.

இன்று பல லாரிகள் கிளீனர் இல்லாமலே ஓடுகின்றன. வாடகை கட்டுப்படியாகாததால் முதலில் வெட்டிய சம்பளம் அவனுடையது. சுங்கச்சாவடியில் நிற்கும் நீள லாரியை எட்டிப் பார்த்தால் இடப்பக்க இருக்கையில் தண்ணீர் கேன், மடித்த போர்வை, சார்ஜரில் கிடக்கும் போன். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் ஓட்டுநர் இறங்கிவந்து ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, மெதுவாக எடுக்கிறார்.