எத்தனை பரமேஸ்வரர்கள்?

மலாக்காவில் நான்காம் ஆண்டுக்கு வரலாறு எடுக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி பழகிப்போயிருக்கும்: "டீச்சர், பரமேஸ்வரா நம்ம ஆளா?" ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டப் பள்ளியானாலும் சரி, பட்டணத்துப் பள்ளியானாலும் சரி, பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். பாட்டி கும்பிடுகிற சாமியின் பெயர் பாடநூலில் ஓர் அரசரின் பெயராக இருந்தால் கேட்கத்தானே செய்வார்கள்? பெரியவர்களில் சிலர் கேட்பதுகூட இல்லை. "தமிழன்தான்" என்று முடிவே கட்டிவிடுகிறார்கள்.

பதிலுக்குப் போகுமுன், இதே பெயரில் வரலாற்றில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

முதலில் காஞ்சிபுரம். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேஸ்வரவர்மன், சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தனோடு பெருவளநல்லூரில் மோதியவர். காஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு அந்தப் போரை விவரிக்கிறது. அவருடைய பேரன் இரண்டாம் பரமேஸ்வரவர்மன், சில ஆண்டுகளே ஆண்டவர். அவருக்குப் பின் அரியணை காலியானபோது, பல்லவரின் கிளை மரபிலிருந்து 12 வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்து முடிசூட்டினார்கள். அந்தப் பையனின் இயற்பெயரும் பரமேஸ்வரன்தான்! நந்திவர்மன் என்பது முடிசூட்டும்போது வைத்த பெயர். அவர் காஞ்சியில் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் பரமேச்சுர விண்ணகரம் என்று இன்னொரு பெயர் உண்டு. சிவன் பெயரில் ஒரு பெருமாள் கோயில். பெயரை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர்கள் இந்த இடத்திலேயே வழுக்கி விழுந்துவிடுவார்கள்.

அடுத்து இன்றைய வியட்னாமின் நடுப்பகுதி. அங்கே சம்பா நாட்டை ஆண்ட பரமேஸ்வரவர்மன், 982இல் வடக்கிலிருந்து லே ஹோவான் படையெடுத்து வந்தபோது கொல்லப்பட்டார். அவர் சாம் இனத்தவர். ஜாவாவிலும் இப்பெயர் உண்டு. மஜாபாகித் பேரரசை 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட ராணி சுஹிதாவின் கணவருக்குப் பரமேஸ்வரா என்பது பட்டம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கேரளத்துப் பரமேஸ்வரர். மலாக்காவின் பரமேஸ்வரா வாழ்ந்த அதே காலத்தவர். பாரதப்புழை ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, 1393 முதல் 1432 வரை சூரிய, சந்திர கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தார். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற திருத்திய முறையைத் தந்தார். இங்கே ஒரு பரமேஸ்வரா துறைமுகம் அமைத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு பரமேஸ்வரர் நிலாவின் நிழலை அளந்துகொண்டிருந்தார்.

இப்போது நம்ம மலாக்காவுக்கு வருவோம். போர்த்துகீசியரான தோமே பிரெஸ் 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய குறிப்புகள், பரமேஸ்வராவைப் பலெம்பாங் இளவரசர் என்கின்றன. பலெம்பாங் சுமத்ராவில் இருக்கிறது. அக்கால மலாய், ஜாவா, சாம் அரண்மனைகளில் சமஸ்கிருதப் பட்டங்கள் வழக்கம். இன்றும் மலாயில் அரசியைக் குறிக்கும் 'பெர்மாய்சூரி' என்ற சொல், 'பரமேஸ்வரி' என்பதிலிருந்து வந்ததுதான். ஆக, அந்தப் பெயர் அவருடைய அரசவைப் பண்பாட்டைக் காட்டுகிறது. இனத்தைக் காட்டவில்லை.

"ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்தை வென்றாரே, அந்த வழியில் வந்தவராக இருக்கலாமே?" என்று கேட்பார்கள். சோழர் படையெடுப்பு நடந்தது 1025இல். மலாக்கா தோன்றியது 1400 வாக்கில். நடுவில் 375 ஆண்டுகள். சோழ அரசே 1279 வாக்கில் முடிந்துவிட்டது. 'செஜாரா மெலாயு' ராஜா சூலான் என்பவரை மலாய் அரசர்களின் முன்னோராகச் சொல்கிறது, உண்மை. ஆனால் அதே நூல் மகா அலெக்சாண்டரையும் முன்னோராகச் சொல்கிறதே! ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். 'செஜாரா மெலாயு'வில் பரமேஸ்வரா என்ற பெயரே கிடையாது. மலாக்கா மரத்தடியில் சாய்ந்திருந்தவர், சருகுமான் நாயை உதைத்ததைப் பார்த்தவர் எல்லாம் அந்நூலில் இஸ்கந்தர் ஷா. (மலாக்கா மரம் என்பது நம்ம நெல்லி மரம்தான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, மறக்கவே மாட்டாங்க.) இதனால் சில அறிஞர்கள் இருவரும் ஒருவரே என்று எழுதினார்கள். மிங் பேரரசின் குறிப்புகளோ இருவரையும் பிரித்துக் காட்டுகின்றன. 1411இல் பரமேஸ்வரா மனைவி, மகன், 540க்கும் மேற்பட்ட ஆட்களோடு சீனா போனார். 1414இல் மெகாட் இஸ்கந்தர் ஷா வந்து, தந்தை இறந்துவிட்டதாகத் தெரிவித்தார். அதாவது தந்தை, மகன். கேள்வித்தாளில் இந்த இரண்டு பெயரும் வந்தால் போட்டுக் குழப்பிக்காதீங்க.

நம்மவர் தொடர்பைத் தேடுகிற மாணவருக்கு ஏமாற்றமா? தேவையே இல்லை. 'செஜாரா மெலாயு'வைத் தொடர்ந்து படித்தால், இந்தியாவிலிருந்து வந்து மலாக்காப் பிரபுக் குடும்பத்தில் பெண் எடுத்த மணி புரிந்தன் வருகிறார். அவருடைய மகள்வழிப் பேரன்தான் ராஜா காசிம், பின்னாளில் சுல்தான் முசாபர் ஷா. 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்ததும், இந்து வணிகர்களின் தலைவரான நைனா செட்டியைப் பெண்டகாராவாக வைத்தார்கள். ஜாலான் துக்காங் இமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது, மலாக்கா செட்டிகள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கிறார்கள். மாணவர்களை அங்கே கூட்டிப்போக ஒரு பஸ் போதும்.