கோதுமையும் கோமகனும்



வரலாற்றை வெறும் ஆண்டுகளின் அட்டவணையாக மனப்பாடம் செய்வோர் பலர். ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், இரு வினாக்களை எழுப்புமாறு என் மாணவரைப் பழக்கினேன். இச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் யார்? கட்டுப்படாது விலக்குப் பெற்றவர் யார்? இன்று அவ்வினாக்களை ஜெர்மனியின் பவேரியப் பகுதிக்கு உரிய கோதுமைப் பீரைக் கொண்டு ஆராய்வோம். மதுவைப் புகழ்வது என் நோக்கமன்று; நான் அதனைத் தீண்டியவனும் அல்லன். ஒரு குவளைப் பானத்திற்குள் ஒரு நாட்டின் அரசியலே அடங்கியிருப்பதைக் காட்டுவதே என் கருத்து.

முதலில் அதனை ஆக்கும் முறையை அறிந்துகொள்வோம். ஜெர்மனியில் இன்றும் வீட்டு அடுப்பிலேயே இதனைக் காய்ச்சுவோர் உண்டு. கோதுமையையும் பார்லியையும் ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, உடைத்துக்கொள்வர். அதனை ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், தானியத்தின் மாச்சத்து சர்க்கரையாக மாறும். கோதுமைப் பீரில் பார்லி எதற்கு என நீங்கள் கேட்கலாம். கோதுமை மணியில் உமி ஒட்டியிருப்பதில்லை. பார்லியின் உமிதான் இனிப்பு நீரை வடித்தெடுக்கச் சல்லடைபோல் உதவுகிறது. வடித்த நீரை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்ப்பர். இவ்வகை ஈஸ்ட் 20 பாகை அளவான வெதுவெதுப்பில் நுரைத்து மேலே எழும். கிராம்பையும் வாழைப்பழத்தையும் நினைவூட்டும் மணம் அப்போது பிறக்கும். அவ்விரண்டையும் எவரும் அதில் இடுவதில்லை. மணம் முழுதும் ஈஸ்ட்டின் கொடையே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1516-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இங்கோல்ஷ்டாட் நகரில், பவேரியாவை ஆண்ட உடன்பிறந்தாராகிய நான்காம் வில்லெல்ம், பத்தாம் லூட்விக் என்னும் கோமகன்மார் ஓர் ஆணை பிறப்பித்தனர். பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதையும் பயன்படுத்தலாகாது என்பது அதன் ஒரு பகுதி. விலையையும் அவ்வாணை வரையறுத்தது. ஒரு லிட்டருக்குச் சற்று மிகுந்த ‘மாஸ்’ என்னும் அளவு, குளிர்காலத்தில் ஒரு பென்னிக்கும், கோடையில் இரண்டு பென்னிக்கும் மேற்படலாகாது என்றது.

இவ்வாணையில் ஈஸ்ட்டின் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். புளிக்கவைக்கும் வண்டல் ஒன்று உண்டென்பதை அக்காலத்தார் அறிவர்; அது உயிருள்ள பொருள் என்பதை அறியார். அவ்வுண்மையை நிலைநாட்டிய லூயி பாஸ்டர், பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டது 1876-ஆம் ஆண்டில்தான். கோதுமை விலக்கப்பட்டதன் காரணத்தையும் ஆணை கூறவில்லை. கோதுமையும் ரை என்னும் தானியமும் ரொட்டிக்கே பயன்படவேண்டும், அவற்றின் விலை ஏறலாகாது என்பதே நோக்கமாக இருக்கலாம் என வரலாற்றாசிரியர் உய்த்துணர்கின்றனர். அவ்வாறாயின், ஏழையின் ரொட்டியைக் காத்த நற்சட்டம் இது எனலாம்.

ஆனால், நம் இரண்டாம் வினாவை மறந்துவிடலாகாது. சட்டம் பிறந்து 32 ஆண்டுகள் கழித்து, 1548-இல், டேகன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பத்திற்கு, டான்யூப் ஆற்றின் வடகரைப் பகுதியில் கோதுமைப் பீர் காய்ச்சும் தனிச் சலுகை கிடைத்தது. அதை வழங்கியவர், தடை விதித்த அதே வில்லெல்ம் கோமகனே! ஊரார்க்கு ஆகாத கோதுமை ஒரு குடும்பத்திற்கு மட்டும் ஆயிற்று.

1602-இல் அக்குடும்பத்தின் கடைசி ஆண்மகன் வாரிசின்றி இறந்தார். சலுகை கோமகன் முதலாம் மாக்சிமிலியனிடம் திரும்பிற்று. அவர் அதனை ஒழிக்கவில்லை; தம் ஆட்சிக்கே உரிய தனியுரிமையாக்கிக்கொண்டார். கெல்ஹைம் முதலிய ஊர்களில் கோதுமைப் பீர் ஆலைகளை அமைத்தார். கோடையில் பிற பீர் காய்ச்சுவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், கோதுமைப் பீர் அவ்வெப்பத்திலும் காய்ச்சத் தக்கதாக இருந்தது. கருவூலத்தில் பணம் குவிந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரின் செலவுக்கும் இவ்வருவாய் துணைநின்றது. ரொட்டிக்காகக் காக்கப்பட்டதாகக் கருதப்படும் தானியம், போருக்குப் பொருள் ஈட்டித் தந்த விந்தையை எண்ணிப் பாருங்கள்.

காலம் மாறிற்று. குளிர்ச்சியில் புளிக்கும் தெளிந்த பீர் மக்களின் விருப்பத்தைப் பெற்றது. கலங்கலான கோதுமைப் பீரின் மதிப்புச் சரிந்தது. வருவாய் குன்றவே, அரசின் பிடியும் தளர்ந்தது. மூனிக் நகரில் அரசுக்குரிய கோதுமைப் பீர் ஆலையைக் குத்தகைக்கு நடத்திவந்த கேயோர்க் ஷ்னைடர் என்பார், 1872-இல் இரண்டாம் லூட்விக் மன்னரிடம் காய்ச்சும் உரிமையைப் பெற்று, தமக்கென ஓர் ஆலை தொடங்கினார். மறையவிருந்த அத்தொழில் பிழைத்தது. மாக்சிமிலியன் காலத்துக் கெல்ஹைம் ஆலையும் 1928-இல் அக்குடும்பத்தார் கைக்கே வந்தது.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். 1516-ஆம் ஆண்டு ஆணையை உலகம் ‘தூய்மைச் சட்டம்’ என்று போற்றுகிறது. அப்பெயர் அந்த ஆணையில் இல்லை. 1918-இல் பவேரியச் சட்டமன்ற விவாதத்தில்தான் வழக்குக்கு வந்தது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இட்ட பெயரை மட்டும் படித்தவர், தூய்மையை மட்டுமே காண்பர். மூல வாசகத்தைப் படித்தவர் விலையைக் காண்பர். விலக்குகளையும் சேர்த்துப் படித்தவரே அரசனின் கருவூலத்தையும் காண்பர்.

நண்பர்களே, சட்டத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அதன் வாசகத்தைப் படியுங்கள். விலக்குப் பெற்றவர் யார் என்பதைத் தேடுங்கள். வரலாறு கற்பதன் பயன் அதுவே.