பெயர் கேட்கப்படாத தாய்

கன்னத்தில் விரல் பதித்து எங்கோ பார்க்கும் ஒரு பெண். முகம் காட்டாமல் அவர் தோள்களில் சாய்ந்திருக்கும் இரு பிள்ளைகள். மடியில் ஒரு கைக்குழந்தை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்னும் இந்தக் கறுப்பு வெள்ளை நிழற்படத்தை நம்மில் பலர் ஏதேனும் ஒரு நூலில் கண்டிருப்போம். இதை எடுத்தவர் அமெரிக்க நிழற்படக் கலைஞர் டோரதியா லாங்.

1895ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர் டோரதியா. ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் வாழ்நாள் முழுதும் வலக்காலைச் சற்றே இழுத்துத்தான் நடந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார், நிலைக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த எனக்கு இச்செய்தி புன்னகையை வரவழைத்தது. நம் துறைக்கு இழப்புதான்!

1918இல் சான் பிரான்சிஸ்கோ சென்றவர், விரைவிலேயே செல்வந்தர்களைப் படமெடுக்கும் நிழற்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பொருளாதார வீழ்ச்சி வந்தது. 1933இல் இலவச உணவுக்காகக் காத்திருந்த கூட்டத்தைப் படமெடுத்தார். பலரும் முதுகு காட்டி நிற்க, தகரக் குவளையோடு வேலியில் சாய்ந்திருக்கும் ஒரு முதியவர் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கிறார். 1935 முதல் அரசாங்கத்திற்காக ஏழை விவசாயத் தொழிலாளர்களின் வாழ்வைப் பதிவு செய்யலானார்.

1936 மார்ச் மாதம். வீடு திரும்பும் வழியில், கலிபோர்னியாவின் நிபோமோ அருகே பட்டாணி பறிப்போர் முகாம் என்றோர் அறிவிப்புப் பலகை தென்பட்டது. கடந்து போய்விட்டார். சுமார் இருபது மைல் சென்ற பிறகு மனம் கேளாமல் காரைத் திருப்பினார். உறைபனியில் பயிர் கருகி, வேலையின்றித் தொழிலாளர்கள் தவித்துக்கொண்டிருந்தனர். அங்கே அந்தத் தாயைச் சில படங்கள் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். செய்தி நாளிதழில் வெளிவந்தது. அரசாங்கம் 20,000 பவுண்டு உணவை முகாமுக்கு அனுப்பியது. அதற்குள் அக்குடும்பம் அங்கிருந்து போய்விட்டது.

டோரதியா வழக்கமாக மக்களின் கூலி, ஊர், அவர்கள் பேசிய சொற்கள் யாவற்றையும் குறித்துக்கொள்பவர். அன்று மட்டும் பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கார்ச் சக்கரங்களை விற்றுவிட்டார்கள் என்று எழுதியதையும் பின்னாளில் அக்குடும்பத்தார் மறுத்தனர்.

1941இல் புகழ்பெற்ற குகன்ஹைம் நல்கை அவருக்குக் கிடைத்தது. போர் மூண்டதும் அதை இடையில் நிறுத்திவிட்டு, முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைப் படமெடுக்கும் அரசுப் பணியை ஏற்றார். என் மனத்தை உலுக்கியது 1942 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ பள்ளியொன்றில் எடுத்த படம். நெஞ்சில் கைவைத்து, அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி கூறும் சிறுமிகள். சபைகூடலில் நாம் காணும் முகங்கள்தாம். சில நாட்களில் அவர்களுள் ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் குடும்பத்தோடு அப்புறப்படுத்தப்படவிருந்தனர். தன் செயலுக்கு ஆதரவாக அமையும் என எண்ணி அமர்த்திய அரசே, இப்படங்களைப் போர் முடியும்வரை முடக்கி வைத்தது. அவற்றுள் பல 2006இல்தான் நூலாக வெளிவந்தன. டோரதியாவோ 1965லேயே மறைந்துவிட்டார்.

அந்தத் தாய்? அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, எடுத்தவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என அவர் வருந்தினார். படம் அரசுடைமை, டோரதியாவுக்கும் அதில் உரிமைத்தொகை இல்லை. ஆயினும் ஒருவருக்குப் புகழும் மற்றவருக்கு வறுமையின் முத்திரையும் கிடைத்தன. அப்படத்தால் வெட்கப்பட்டதாகப் பின்னாளில் மகள் ஒருவர் கூறினார்.

இதைப் படித்தபோது, பள்ளி உதவி நிகழ்ச்சிகளில் புத்தகப்பையை ஏந்தியபடி படக்கருவி முன் நிற்க வைத்த மாணவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களையோ பெற்றோரையோ நான் கேட்டதில்லை.

1983இல் புளோரன்ஸ் நோயுற்றபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கோரினர். 30,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். கல்லறைக் கல்லில் அவருடைய பெயரோடு அந்தப் படத்தின் தலைப்பும் பொறிக்கப்பட்டிருக்கிறது.