தைத்த மரக்கலம்: வீட்டில் கட்டும் தோணியும் அதன் பழைய உறவினரும்

இன்று கப்பல் தச்சு பயிலாத ஒருவர்கூட, விடுமுறை நாள்களில் உழைத்து, தம் வீட்டுக் கொட்டகையிலேயே இருவர் அமரத்தக்க மரத்தோணி ஒன்றைக் கட்டி நீரில் இறக்கிவிட முடிகிறது. அவர் கையாளும் முறைக்குத் ‘தைத்து ஒட்டுதல்’ என்று மேலைநாட்டார் பெயரிட்டுள்ளனர். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகையை வரைபடத்தின்படி நீண்ட இதழ்களாக அறுக்கிறார். ஓரங்களில் வரிசையாகத் துளையிடுகிறார். செப்புக் கம்பியை அத்துளைகளில் கோத்து இதழோடு இதழைத் தைக்கிறார். கம்பியை முறுக்க முறுக்கத் தட்டையாகக் கிடந்த பலகைகள் வளைந்தெழுந்து, தாமாகவே தோணியின் வடிவம் கொள்கின்றன. தையல்வாயில் எபாக்சிப் பிசினையும் மரத்தூளையும் குழைத்துப் பூசி, கண்ணாடியிழை நாடாவை ஒட்டிவிட்டால் கம்பிக்கு வேலை முடிந்தது. வங்கு எனப்படும் விலாச்சட்டங்கள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஏரா எனப்படும் கனத்த அடிமரமும் வேண்டியதில்லை.

இது இருபதாம் நூற்றாண்டின் புத்தாக்கம் என்றே எங்கும் பேசப்படுகிறது. பிசினையும் ஒட்டுப்பலகையையும் பொறுத்தவரை அக்கூற்று உண்மையே. எனினும் சட்டத்தை முதலில் நிறுத்தாமல், பலகையைப் பலகையோடு தைத்து அத்தையலாலேயே கலத்துக்கு உருக்கொடுக்கும் அறிவு, நாம் வாழும் இக்கடற்பரப்பில் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவந்த ஒன்று. அவ்வறிவை வறுமையின் அடையாளமாகவே வெளியார் பலர் எழுதிவைத்தனர். அந்தத் தீர்ப்பை மறுபார்வை செய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழில் ‘தை’ என்னும் வினையின் பரப்பை முதலில் கருதுவோம். துணியைத் தைக்கிறோம், வாழையிலை கிடைக்காத இடத்தில் இலைகளை ஈர்க்குக் கொண்டு தைக்கிறோம், முள் காலில் தைக்கிறது, ஆணியையும் தைக்கிறோம். ஊடுருவுதலும் இணைத்தலும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. இதைக் கண்டவுடன் ‘தச்சன்’ என்னும் சொல்லையும் இவ்வினையோடு சேர்த்துவிடும் ஆவல் எழுவது இயல்பு. ஆனால் அது வடமொழிவழி வந்த சொல் என்பதே சொல்லாராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிபு. ஆவலுக்காக வேரை மாற்றுதல் தகாது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடல் வழிநூல்’ என்னும் கிரேக்க நூல், பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து அரபு நாட்டுக்கு ஏற்றுமதியான தைத்த படகுகளைக் குறிப்பிடுகிறது. அதே நூல் நம் சோழமண்டலக் கரையில், ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெருங்கலங்களுக்குச் ‘சங்கரா’ என்று பெயர் கூறுகிறது. இரு தோணிகளை இணைத்துக் கட்டிய பரிசிலைக் குறிக்கும் ‘சங்கடம்’, ‘சங்காடம்’ ஆகிய வழக்குகளோடு அதனை இணைத்துப் பார்ப்பவர் உண்டு.

மலேசிய மண்ணிலேயே இன்னும் நேரடியான சான்று கிடைத்துள்ளது. பகாங்கில், பொந்தியான் ஆற்றங்கரையில் புதைந்து கிடந்த பழங்கலம் ஒன்றின் பகுதிகளை 1926இல் ஐவர் எவன்ஸ் ஆராய்ந்தார். அதன் காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனப் பின்னர்க் கணிக்கப்பட்டது. அக்கலத்தில் பலகைகளின் விளிம்புகள் மரமுளைகளால் பொருத்தப்பட்டு, ஈஜோக் எனப்படும் பனையின மரத்தின் கருநாரால் தைக்கப்பட்டிருந்தன. கப்பலைக் குறிக்க மலாய்மொழி ‘காப்பால்’ என்னும் நம் சொல்லை ஏற்றுக்கொண்டதை அடிக்கடி பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கப்பல் கட்டும் கலையை இங்குள்ளோர் எவரிடமும் இரவல் பெறவில்லை என்பதையும் உடன் சொல்லுதலே நேர்மை.

தைத்த கலங்களைப் பற்றி வெளியார் கூறியவற்றுள் இரண்டு கூற்றுகள் முகாமையானவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர்முஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள கப்பல்கள் மிக மட்டமானவை என்றும், ஆணி செய்ய இரும்பில்லாமையால் தேங்காய் நாரால் தைக்கப்பட்டவை என்றும், அவற்றில் பல கடலில் அழிகின்றன என்றும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வந்த இப்னு பதூதாவின் கருத்து வேறு. இக்கடலில் பாறைகள் மிகுதி. ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் உடையும். கயிற்றால் தைத்த கலமோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் விளக்கம். கடலடியில் உள்ள காந்தமலை ஆணிகளைப் பிடுங்கிவிடும் என்ற கதையும் மாலுமிகளிடையே உலவியது. கதை கிடக்கட்டும். முன்னவர் கண்டது இல்லாமை. பின்னவர் கண்டது காரணம். பின்னவர் பக்கமே உண்மை இருந்தது என்பதற்குச் சென்னைக் கரையே சாட்சி.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழத்தில் நங்கூரமிட, ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைவாயைக் கடந்தே போய்வர வேண்டியிருந்தது. இப்படகின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் அடியில் வைக்கோலோ புல்லோ திணித்திருப்பர். உள்ளே விலாச்சட்டம் இராது. அலை அதனைத் தூக்கி மணல்மேட்டில் அறைந்தால் அடிப்பலகைகள் மூச்சு விடுவதுபோல் வளைந்து மீளும். ஐரோப்பியக் கப்பல்களின் உறுதியான படகுகள் அதே அலையில் நொறுங்கியதுண்டு. ஆதலின் ஆளுநரும் நீதிபதியும் சென்னையில் கால்வைக்க, தைத்த படகையே நம்பவேண்டியதாயிற்று. தண்டு வலிப்போர் பாடிக்கொண்டே அலையின் கணக்குப் பார்த்துக் காத்திருப்பர். கவிழ்ந்தால் மீட்பதற்குக் கட்டுமரங்கள் பக்கத்திலேயே செல்லும். சென்னையில் கப்பலேறி இந்நாடுகளுக்கு வந்த தொடக்ககாலத் தமிழர் பலரும் நீராவிக் கப்பலில் கால்வைக்கும் முன் இப்படகில்தான் கால்வைத்தனர். நம் குடிபெயர்வு வரலாறுகளில் கப்பல்களின் பெயர்கள் உள்ளன. இப்படகைப் பற்றி ஒருவரிகூட இருப்பது அரிது.

1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அதனை மீண்டும் கட்டினர். கப்பல் கரையோரமே வந்து நின்றபின் மசூலாவின் பயணிப்பணி முடிந்து, அது மீனவரிடம் மட்டும் எஞ்சியது. சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய கலங்களை அளந்தும் விளக்கியும் பதிவு செய்தார். அரசு அலுவலர் ஒருவர் கடற்கரையில் நின்று பார்த்து எழுதியதால் நமக்குக் கிடைத்த செல்வம் அது.

இனி வீட்டுத் தோணிக்கு வருவோம். இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்னும் கைவினை ஆசிரியர், ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்துக் கண்ணாடியிழையால் மூடிச் சிறு தோணிகள் செய்யும் வழியை வகுத்தார். அதே வழியில் பாரி பக்னெல்லும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த ‘மிரர்’ என்னும் பாய்ப்படகு, ஒரு நாளிதழின் ஆதரவோடு 1963இல் வெளியாயிற்று. அறுத்த பலகைகள் பெட்டியில் வர, வாங்கியவர் வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டனர். 3.3 மீட்டர் நீளமுள்ள அப்படகு 70,000க்கும் மேல் கட்டப்பட்டுள்ளது. செல்வரின் விளையாட்டாக இருந்த பாய்ப்படகு ஓட்டம் ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் எட்டியது இதனால்தான். இவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கற்றனர் என்று நாம் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. மெல்லிய பலகையை விளிம்பில் தைத்தால் அது தன் வலிமையைத் தானே தேடிக்கொள்ளும் என்பதை இரு கரைகளும் தனித்தனியே கண்டறிந்தன. அறிவு ஒன்று இருமுறை பிறந்ததாயின் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

பழைய முறையும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1998இல் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலம் ஆணியின்றித் தைக்கப்பட்டது. அதிலிருந்த சீனப் பீங்கான்களைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் நாம் காண்கிறோம். அக்கலத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஓமானில் ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்னும் கப்பல் கட்டப்பட்டபோது, தையல் வேலைக்குக் கேரளக் கரையின் கயிற்றுவினைஞர் தேவைப்பட்டனர். எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படாத இழுப்பும் முடிச்சும் அவர்கள் விரல்களில் இருந்தன. 2010 பிப்ரவரியில் மஸ்கட்டை விட்ட அக்கப்பல் கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது.

கட்டுதலைவிட இறக்குதலே கடினம் என்பதற்கு, ராபின்சன் குரூசோ கதையில் பெருமரத்தைக் குடைந்து முடித்தபின் அதை நீர்வரை நகர்த்த இயலாமல் விட்ட நிகழ்ச்சி எல்லார்க்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அடுக்குமாடி வீட்டில் தோணி கட்ட எண்ணுவோர், பலகையை அளக்கும் முன் மின்தூக்கியை அளப்பது நன்று. நம் வெப்பத்தில் எபாக்சி விரைந்து இறுகிவிடும் என்பதையும் அவர்கள் கருதவேண்டும். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் கூறப்படும் நேரம் இங்குக் கிடைக்காது.

புதுக்கலத்தை முதன்முதல் நீரில் விடுவதற்குத் தமிழில் ‘வெள்ளோட்டம்’ என்று பெயர். புதுத்தேரை முதலில் இழுத்துப் பார்ப்பதற்கும் அதுவே பெயர். இரண்டும் தச்சன் கையிலிருந்து ஊரார் கைக்கு மாறும் நாளைக் குறிப்பதால் ஒரு சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. பிசினால் ஒட்டிய தோணி வெள்ளோட்டத்தன்றே ஒருதுளி நீரும் புகாமல் மிதக்கவேண்டும். கசிந்தால் கட்டியவர் பணியில் குறை என்று பொருள். கயிற்றால் தைத்த படகின் இலக்கணம் வேறு. அதில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். இறைப்பதற்கென்றே ஓர் ஆள் உடனிருப்பான். கயிறு நைந்தபோது தையலைப் பிரித்து, பலகைகளைக் கழற்றிக் காயவைத்து, புதுக்கயிறு கொண்டு மறுபடி தைப்பர். ஒட்டிய தோணியை அவ்வாறு பிரிக்க முடியாது.